முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டின் முன்னறையில் பத்துப் பேர் உட்காரலாம். பதினோராவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் ஜன்னலில் உட்கார வேண்டும். அன்று மாலை சபையில் பாதி அங்கே இருந்தது.

வெளியே தூறல். வாசலில் குடைகள் குவிந்து ஓடையாக நீர் விட்டுக்கொண்டிருந்தன. உள்ளே ஈரக் கம்பளிக்கோட்டு வாசனை, அதை மீறிக்கொண்டு சமையலறையிலிருந்து காபி வாசனை. பெண்கள் பாயில், ஆண்கள் இரவல் பெஞ்சுகளில். எல்லார் முகத்திலும் கண்டம் தாண்டிய வீட்டுக்கு வந்தவர்களின் மலர்ச்சி. ஒருவர் மடியில் சாத்துக்குடிப் பை. "சத்தமாப் பேசாதீங்கப்பா, தையல் போட்ட உடம்பு" என்று ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டார்கள்.

ஐயர் எழுந்து நின்றார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பூணூலைத் தேடாதீர்கள், அங்கி உண்டு.

"இந்தக் குடும்பத்துக்குக் கர்த்தர் செய்த பெரிய நன்மையை நினைத்து..." என்று ஆரம்பித்தார்.

அப்போது என் மனைவி டெய்சி, பன் அடுக்கிய தட்டுடன் சமையலறையிலிருந்து வந்தாள். அவள் கழுத்தில், நாட்டுக்கோழி முட்டை அளவில், இருந்த இடத்திலேயே இருந்தது கட்டி.

ஐயர் நிறுத்திவிட்டார். சாத்துக்குடி வைத்திருந்தவர் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

கவலை: எங்கள் பரம்பரைச் சொத்து

சென்ற வாரம் நான் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் இவ்வளவு பயந்த சுபாவமா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, சைக்கிள் பயம் என் பயங்களில் கடைசி பெஞ்சு மாணவன். வகுப்பில் முதல் பரிசு வாங்குகிறவர்களை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

என் அப்பா கண்டோன்மென்டில் ஒரு ராணுவ மெஸ்ஸில் பட்லராக இருந்தவர். சுதந்திரம் வரப் போகிறது என்றதும் ஊரே கொடி தைத்தது, அப்பா கவலைப்பட்டார். வெள்ளைக்காரன் போய்விட்டால் இத்தனை பீங்கான் தட்டுகளை யார் துடைப்பார்கள், யாருக்காகத் துடைப்பார்கள் என்று வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வெள்ளைக்காரன் போனான். அதே மேஜையில் நம்முடைய மேஜர்கள் வந்து உட்கார்ந்து அதே தட்டுகளில் சாப்பிட்டார்கள். அதற்காக அப்பா கவலையை விட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்தது எங்கே என்று பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு நிலம் நீச்சு எழுதி வைக்கவில்லை. இதை வைத்தார்.

நானும் சொத்தைக் கரைக்காமல் பெருக்கினேன். சவுத் பரேடில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மனிதர்கள் செத்துப்போவார்கள் என்பதை அவர்களுக்குப் பக்குவமாக ஞாபகப்படுத்துவது என் உத்தியோகம். "உங்கள் தகப்பனார் எதனால் காலமானார்?" என்று முன்பின் தெரியாதவர்களை நாள் முழுவதும் கேட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிடுவது சுலபமில்லை. கவலைப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே தொழில் அதுதான் என்று அப்போது பெருமையாகக்கூட நினைத்ததுண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயர், ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, கவலைப்படாதே என்பார். எனக்கு அந்தப் பறவைகளின் மேல் கொஞ்சம் பொறாமை. கொஞ்சம் சந்தேகமும் உண்டு. பறவைக்கு மச்சினி கிடையாது. பூவுக்கு எக்ஸ்ரே எடுப்பதில்லை.

ஜெபிக்காமலா இருந்தேன்? ஜெபித்தேன். ஆனால் நான் செய்தது, முழங்காலில் நின்றுகொண்டு கவலைப்படுவது. அதற்கு ஜெபம் என்று பெயர் வைத்திருந்தேன். என்னென்ன நடக்கக்கூடும் என்று ஆண்டவருக்கு விவரமாக எடுத்துச் சொல்வேன். இது நடந்தால் அது நடக்கும், அது நடந்தால் இன்னொன்று நடக்கும் என்று, அவருக்கே யோசனை தோன்றிவிடும் அளவுக்குச் சொல்வேன். சமையலறையிலிருந்து டெய்சி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"போதும், எழுந்திரிங்க. அவருக்கே பயம் வந்துடப் போகுது" என்பாள்.

முட்டை வளர்ந்த விதம்

டெய்சி எங்கள் கோயில் பாடகர் குழுவில் சோப்ரானோ, அதாவது பெண்களில் உச்ச ஸ்தாயி பாடுகிறவள். கல்கோயில் கூரை உயரம். மற்றவர்கள் குரல் பாதி வழியில் களைத்து இறங்கிவிடும். அவள் குரல் மேலே உத்தரத்தைத் தொட்டுவிட்டுத்தான் வரும். நானும் அதே குழுவில்தான் இருந்தேன். ஆண்கள் பக்கத்தில் டெனர் என்கிற ஆண் குரல் வரிக்கு ஆள் கிடைக்காமல் என்னைச் சேர்த்திருந்தார்கள். என் குரலைப் பற்றிக் குழுத்தலைவர் சாலமன் மாஸ்டர் சொன்ன ஒரே பாராட்டு: "பிரதர், நீங்க நேரத்துக்கு வர்றீங்க." மாஸ்டர் ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லத் தெரியாது.

கட்டி முதலில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது. முந்தானையை இழுத்துவிட்டால் தெரியாது. பிறகு எலுமிச்சை. பிறகு, ஆரம்பத்தில் சொன்ன முட்டை. படியேறினால் மூச்சு இரைத்தது. பெரிய சர்ஜனிடம் போனோம். அவரும் பழைய ராணுவ டாக்டர். குரலில் இன்னும் அணிவகுப்பு இருந்தது.

"எடுக்க வேண்டும். விட்டால் மூச்சுக்குழாயை நெருக்கும். உயிருக்கு அவ்வளவு பயமில்லை" என்றார். "ஆனால் குரல் நரம்பு அதன் பின்னாலேயே ஓடுகிறது. பார்த்துத்தான் எடுப்பேன். பழைய குரல் அப்படியே திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"பேசவாவது முடியுமா டாக்டர்?" என்று கேட்டாள் டெய்சி.

"பேசலாம்."

வேறு கணவனாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு ஹாஸ்யம் சொல்லியிருப்பான். 'அவ்வளவு பயமில்லை' என்றாரே, அந்த 'அவ்வளவு' எவ்வளவு என்று என் இன்ஷூரன்ஸ் மூளை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அந்த வாரம் ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது சைக்கிள் தானாகவே ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பி, சுவரோரம் நின்றது. மரநிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். அவளுக்கு வெயில் ஆகாது. இவ்வளவு தூரம் போயிருந்தேன்.

டெய்சியோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஜட்காவிலேயே முடிவெடுத்துவிட்டாள்.

"வர்ற வியாழக்கிழமை வீட்ல ஸ்தோத்திரக் கூட்டம் வெச்சுடலாம்."

"ஜெபக் கூட்டம்னு சொல்லு."

"ஸ்தோத்திரக் கூட்டம்னுதான் சொன்னேன்."

வரிசை முறை

எங்கள் சபைக்குப் புதியவர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். கஷ்டம் வந்தால் ஜெபக் கூட்டம். அதற்குத் தணிந்த குரல், வெறும் காபி. கஷ்டம் தீர்ந்தால் ஸ்தோத்திரக் கூட்டம். அதற்குச் சத்தமான பாட்டு, பன், கேக், காராபூந்தி. ஜெபக் கூட்டத்துக்கு வந்தவன் கேக்கை எதிர்பார்க்க மாட்டான். ஸ்தோத்திரத்துக்கு வந்தவனை வெறும் காபியோடு அனுப்ப முடியாது. இந்த வரிசையை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் மீறியவரும் இல்லை.

"ஆபரேஷன் அதுக்கடுத்த திங்கட்கிழமை" என்றேன். "ஸ்தோத்திரம் எப்படி வியாழக்கிழமை வரும்?"

"திங்கட்கிழமைக்கு அப்புறம் வெச்சா யார் பாடறது? உங்களை நம்பிப் பாட்டைக் குடுக்க முடியுமா?"

ஜட்கா குதிரை எனக்காக ஒருமுறை கனைத்தது. எனக்கு ஆதரவாக வந்த கடைசிக் குரல் அது.

காதர் பாய் பேக்கரியில் பன்னுக்கும் கேக்குக்கும் சொல்லப் போனேன். என்ன விசேஷம் என்றார். சொன்னேன்.

"சிஸ்டருக்கு ஆபரேஷன் நல்லா ஆச்சா சாப்?"

"இன்னும் ஆகலை பாய்."

மாவுக் கையைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். "நிக்காஹ்வுக்கு முன்னாடி வலீமா விருந்து போடற மாதிரி இருக்கே சாப்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "திராட்சை போடவா, வேணாமா?" என்றார்.

டெய்சி, கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் ஐயருக்குச் சொல்லி அனுப்பினாள். ஐயர் கிராமத்துச் சபைகளைச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஞாயிறு காலை ஆராதனையில், இன்னார் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் என்று அறிவித்தார். அன்றைக்குப் பார்த்து டெய்சிக்குச் சளி; கோயிலுக்கு வரவில்லை. துணைக்கு நானும் வீட்டில் இருந்துவிட்டேன். சபை கூட்டிக் கழித்துப் பார்த்தது. ஆளைக் காணோம், ஸ்தோத்திரம் என்கிறார்கள், ஆகவே ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறாள். இதில் தவறு காண எவராலும் முடியாது. அதனால்தான் சாத்துக்குடி.

பன்னும் நியாயமும்

இப்போது மறுபடியும் முன்னறைக்கு வருவோம். ஐயர் நின்றுகொண்டிருக்கிறார். டெய்சி தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, ஆபரேஷன்...?"

"திங்கட்கிழமை ஐயா."

"அப்போ இது?"

"ஸ்தோத்திரம் ஐயா. பன் எடுத்துக்குங்க."

ஐயர் பன்னை எடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பாயில் சலசலப்பு. அதிலிருந்து கமலம் அக்கா எழுந்தாள். டெய்சியின் கூடப்பிறந்த அக்கா. பெண்கள் சங்கத்துத் தலைவி. எங்கள் குடும்பத்தின் துக்கங்களுக்கெல்லாம் முன்வரிசையில் நின்றவள். ஆபரேஷன் அன்றைக்கு உபவாசம் இருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தங்கை தன்னிடம் சொல்லாமலே ஆபரேஷனை முடித்துவிட்டாள் என்ற வருத்தத்தோடு வந்தவள், இப்போது அந்த வருத்தத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"என்னடி இது கூத்து? இது கர்த்தரைச் சோதிக்கிற வேலை. அவர் குடுக்கறதுக்கு முன்னாடியே நன்றின்னா, கையை முறுக்கி வாங்கறதா? தம்பி, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

தம்பி என்பது நான். தம்பி காராபூந்தித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டெய்சி தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் வரப்போறதுக்கு நன்றி சொல்லல. வந்ததுக்குச் சொல்றேன். சின்னப் பிள்ளையில இருந்து பாடறேன். ஒரு நாள் இந்தத் தொண்டைக்குன்னு ஒரு கூட்டம் வெச்சோமா? பல்லு வலி போச்சுன்னு வெச்சோம். டிரான்ஸ்ஃபர் நின்னுச்சுன்னு வெச்சோம். இது பாட்டுக்கு இருக்குன்னு விட்டுட்டோம். இப்ப இருக்கு. இருக்கறப்பவே சொல்லிடறேன்."

"திங்கட்கிழமை ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"திங்கட்கிழமை அவர் என்ன செய்றாரோ அது அவர் பாடு. வியாழக்கிழமை என் பாடு."

டெய்சி நின்ற இடத்திலேயே, சுருதிக்குக்கூட யாரையும் பார்க்காமல், ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தாள்.

எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் வழக்கமாக ஒரு மூச்சு வாங்குவாள். அன்றைக்கு இரண்டு வாங்கினாள். கட்டி அவள் தொண்டையோடு ஏறி இறங்கியது. முதலில் அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. சாலமன் மாஸ்டரின் கை மடியில் தாளம் போட்டது. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். சேர்ந்து பாட வேண்டிய சரணத்தில் முதலில் சேர்ந்தது யார் தெரியுமா? கமலம் அக்கா. கோபத்தோடு பாடினாள். சுருதி சரியாக இருந்தது.

நான் பாடவில்லை. என்னால் முடிந்ததெல்லாம் நேரத்துக்கு வந்திருந்ததுதான்.

பாட்டு முடிந்ததும் ஐயர் சட்டைப் பையிலிருந்த பிரசங்கத் தாளை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பையிலேயே வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்தக் குரலுக்காக ஸ்தோத்திரம். ஆமென்."

எங்கள் ஐயரின் ஊழியத்தில் அதைவிடச் சின்ன ஜெபம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எங்கள் சபைக் கூட்டத்தில் காபி சூடாகக் கிடைத்ததும் அன்றைக்குத்தான். சாத்துக்குடிக்காரர் பையை முன்னால் கொண்டுவந்து, "திங்கட்கிழமைக்கு ஆகும் சிஸ்டர்" என்று கொடுத்துவிட்டு இரண்டு பன் எடுத்துக்கொண்டார்.

வேலையற்றுப்போன கவலை

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. டெட்டால் நெடி. உள்ளே தள்ளிக்கொண்டு போன கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கமலம் அக்கா உபவாசத்தோடு ஒரு கோடியில், நான் மறு கோடியில்.

வழக்கப்படி ஆண்டவருக்கு விவரங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். துக்கத்தால் என்று எழுத ஆசைதான். உண்மை, கூச்சம். ஊரைக் கூட்டி, பன் கொடுத்து, நன்றி சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் வந்து, "ஆனால் பாருங்கள், நரம்பு பின்னால் ஓடுகிறது" என்று இழுத்தால் என்ன மரியாதை? நாமே விருந்து போட்டுச் சிரித்து வழியனுப்பியவர் வீட்டுக் கதவை மறுநாள் கடன் கேட்டுத் தட்டுகிற மாதிரி.

கவலை போய்விட்டதா என்றால், போகவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்குக் கொடுக்க ஒரு வேலை என்னிடம் இல்லை. இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அந்தக் கீர்த்தனையின் டெனர் வரியை நான் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். தப்பும் தவறுமாக.

"தம்பி, அது அப்படி இல்லை" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

சர்ஜன் வெளியே வந்து, கட்டி முழுசாக வந்துவிட்டது, ஆள் நலம் என்றார். குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி.

திரும்பி வந்தது

முதல் வாரம் வெறும் காற்று. பிறகு கரகரப்பு. மழைக்காலம் போய்ப் பெங்களூர்க் குளிர் வந்தபோது ஒரு குரல் வந்தது. பழைய குரல் அல்ல. நாலு படி கீழே நின்று பேசும் குரல். தடித்து, கொஞ்சம் மணல் கலந்து. சமையலறையில் பழைய கீர்த்தனையை முயன்று பார்த்தாள். மேல் ஸ்தாயி வந்ததும் குரல் அப்படியே அறுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி அதே இடத்தில். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். நான் உள்ளே போகவில்லை.

சபையில் பேச்சு கிளம்பியது. முந்திக்கொண்டாள், அதனால் போயிற்று. கமலம் அக்காவும் ஒரு நாள் வந்து, அழுதுகொண்டே அதையே சொன்னாள். "அன்னைக்கே சொன்னேனே. இப்ப எதுக்கடி நன்றி சொல்லுவே?"

அதற்குப் பதில் என்னிடமிருந்து வந்ததுதான் அதிசயம். "அக்கா, நாங்க குடுத்தது அட்வான்ஸ் இல்லை. பழைய பாக்கி. அது தீர்ந்துபோச்சு. அவர் எங்களுக்கு ஒண்ணும் தர வேண்டியதில்லை, நாங்களும் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை" என்றேன். அக்கா என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வீரமாகச் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே ஆண்டவரிடம் சண்டைக்குப் போனேன். ஒன்றும் தர வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் கேட்டேன், அந்த ஒன்றை விட்டு வைத்திருந்தால் உமக்கு என்ன குறைந்திருக்கும் என்று. முழங்காலில் நிற்கவில்லை, நின்றுகொண்டே கேட்டேன். பதில் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். கவலைப்படும்போதெல்லாம் நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன். சண்டை போடும்போது எதிரே ஆள் இருந்தார். இதற்கு வேதசாஸ்திரத்தில் என்ன பெயரோ தெரியாது. இப்போதும் எனக்குச் சரிப்படுகிற ஜெபம் அதுதான்.

அதற்கடுத்த ஞாயிறு டெய்சி வெள்ளைப் புடவை கட்டினாள். பாடகர் குழு உடுப்பு.

"எங்கே?" என்றேன்.

"கோயிலுக்கு."

ஆர்கனுக்கு இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். சோப்ரானோ பெஞ்சில் அவள் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். இரண்டு பேர் நகர்ந்து, பரிதாபமான முகத்தோடு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்கள். டெய்சி அந்தப் பெஞ்சைத் தாண்டினாள். ஆர்கனைத் தாண்டினாள். ஆண்கள் வரிசைக்கு வந்து, என் பக்கத்தில், டெனர் பெஞ்சருகே நின்றாள்.

கோயில் முழுக்கத் தொண்டையைச் செருமியது. முன்வரிசையில் கமலம் அக்கா நெற்றியில் கை வைத்தாள். சாலமன் மாஸ்டர் தூக்கிய குச்சியை இறக்கினார்.

"சிஸ்டர், இது ஆம்பளைங்க பக்கம்."

"டெனருக்கு ஆள் இல்லைன்னு வருஷக்கணக்கா நீங்கதானே புலம்பினீங்க மாஸ்டர்?" என்றாள், அந்த மணல் குரலில். "இப்ப இந்தக் குரல்தான் இருக்கு. இதுக்கு இங்கதான் இடம்."

மாஸ்டர் ஐயரைப் பார்த்தார். ஐயர் அங்கியின் மடிப்பில் ஏதோ முக்கியமான ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் குச்சியைத் தூக்கினார்.

முதல் அடியிலேயே தெரிந்தது. உத்தரத்தைத் தொடவில்லை அந்தக் குரல். தரையோடு வந்தது. பெஞ்சின் மரத்தில் அதிர்ந்து என் முழங்கால் வழியாக ஏறியது. இத்தனை வருஷமாக எங்கள் கோயிலில் டெனர் என்று ஒன்று இருந்ததாகவே சபைக்குத் தெரியாது; அன்று திரும்பிப் பார்த்தார்கள். கமலம் அக்கா நெற்றியிலிருந்த கையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள். அவளும் பாடினாள். இந்தத் தடவையும் கோபமாகத்தான்.

ஆராதனை முடிந்ததும் மாஸ்டர் என்னைத் தனியே தூணோரம் அழைத்துப்போய்த் தோளில் கை வைத்தார்.

"பிரதர், வருத்தப்படாதீங்க. அடுத்த வாரத்துல இருந்து நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்."